நெல்லஞ்சோறும் பிற சோறுகளும்

அந்தியூர்ப் பகுதி முதியோர் அரிசிச் சோற்றை 'நெல்லஞ்சோறு' என்பதை நாம் கேட்டிருக்கிறோம். சோற்றுக்கு அடைமொழி எதற்கு? கம்பஞ்சோறு, சோளச்சோறு, சாமைச்சோறு ஆகியவை அன்றாட உணவாகவும், நெல்லஞ்சோறு நோம்பி நாளுக்கு உரியதாகவும் இருந்த காலத்தின் எச்சம் அது.

இம்மரபு மிகப் பழையது. புறநானூற்றின் 335-ஆம் பாடலில் மாங்குடி கிழார் உணவென எண்ணுபவை வரகு, தினை, கொள், அவரை என்னும் நான்கே. நெல் அதில் இல்லை.

கொங்கின் மேட்டுக்காடுகளில் இத்தானியங்கள் மழையை மட்டுமே நம்பி விளைந்தன. ஆயினும் சாமை, தினை, வரகு ஆகியவற்றின் உமி கடினமானது. உரலில் குத்திப் புடைத்தால்தான் உலையேறும். அவ்வுழைப்பு முழுதும் பெண்களுடையது. கேழ்வரகுக்கு அத்தொல்லை இல்லை. திரிகையில் அரைத்தால் களிக்கு மாவு ஆயிற்று. பர்கூர் மலையில் ராகி இன்றும் விளைகிறது.

1955-இல் பவானிசாகர் அணை நிறைவுற்றது. கீழ்பவானிப் பாசனத்தில் நெல்வயல்கள் பெருகின. 1967-இல் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கப்பட்டது. 2011-இல் ரேஷன் அரிசி விலையில்லாததாயிற்று. பசி தணிந்தது, பெண்களின் கைகளும் ஓய்ந்தன. இதனைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனால் உரலோடு அந்தச் சோறுகளும் ஒதுங்கின.

2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் கேழ்வரகு வழங்கத் தொடங்கினர். அரைக்க இன்று இயந்திரம் உண்டு. உண்ணும் பழக்கத்தை நாம்தான் மீட்க வேண்டும். சோறு என்றால் அரிசியே என்றாகி, அடைமொழி தேவையற்றுப் போனபோதுதான் ஏனைய சோறுகள் நம் வட்டிலை விட்டு நீங்கின.