டட்லி தெரு அயலக முன்முயற்சி

டட்லி தெரு அயலக முன்முயற்சி என்பது ஐக்கிய அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ராக்ஸ்பரி, வடக்கு டார்செஸ்டர் பகுதிகள் சந்திக்கும் இடத்தில் சீரழிந்து கிடந்த குடியிருப்பை மீளமைப்பதற்காக 1984 ஆம் ஆண்டில் தோன்றிய குடியிருப்பாளர் அமைப்பு ஆகும். தனியார் நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரம் பொதுவாக அரசுக்கே உரியது. அமெரிக்காவில் அவ்வதிகாரத்தைப் பெற்ற முதல் குடியிருப்பாளர் அமைப்பாக இது அறியப்படுகிறது.

பின்னணி

ராக்ஸ்பரி 1868 இல் பாஸ்டனுடன் இணைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வெள்ளையர் பலர் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். தென் மாநிலங்களிலிருந்து வந்த ஆப்பிரிக்க அமெரிக்கரும், புவேர்ட்டோ ரிக்கோ, கேப் வர்டே போன்ற தீவுகளிலிருந்து வந்தோரும் இங்கு குடியேறினர். ஆனால் இத்தகைய பகுதிகளுக்கு வங்கிகள் வீட்டுக்கடன் வழங்க மறுத்து வந்தன. விற்கவும் பழுதுபார்க்கவும் இயலாத வீடுகள் கைவிடப்பட்டன. காப்பீட்டுத் தொகைக்காக உரிமையாளர்களே வீடுகளுக்குத் தீ வைப்பித்த நிகழ்வுகளும் உண்டு. 1980களில் ஏறத்தாழ 1,300 மனைகள் வெறுமையாகக் கிடந்தன. பிற பகுதிகளின் குப்பையும் கைவிடப்பட்ட வாகனங்களும் அவற்றில் கொட்டப்பட்டன. போதைப்பொருள் விற்பனையும் பெருகியது.

தோற்றம்

ரைலி அறக்கட்டளையின் நிதியுதவியுடன் திட்டம் தொடங்கியது. முதலில் முன்மொழியப்பட்ட ஆட்சிக்குழுவில் தொண்டு நிறுவனங்களின் சார்பாளர்களே மிகுதி. 1985 இல் நடந்த பொதுக்கூட்டத்தில், இங்கு வாழ்வோர் எத்தனை பேர் அக்குழுவில் உள்ளனர் என்று மக்கள் கேட்டனர். இதையடுத்து குழு மாற்றியமைக்கப்பட்டது. ஆப்பிரிக்க அமெரிக்கர், கேப் வர்டேயர், லத்தீனோ, வெள்ளையர் ஆகிய நான்கு இனத்தவருக்கும், மக்கள்தொகையில் அவர்களது பங்கு எவ்வளவாயினும், சம எண்ணிக்கையில் இடங்கள் ஒதுக்கப்பட்டன. எந்த ஒரு குழுவும் பிறரை விஞ்சாமல் தடுத்த இவ்வேற்பாடே அமைப்பு நிலைத்ததற்கு முதன்மைக் காரணம் எனலாம்.

முதல் பெரிய இயக்கம் 1986 இல், குப்பை கொட்டுவதற்கு எதிராக நடந்தது. சட்டத்துக்குப் புறம்பான குப்பை மாற்று நிலையங்களை மேயர் ரேமண்ட் பிளின்னின் நிர்வாகம் மூடியது. கைவிடப்பட்ட வாகனங்கள் அகற்றப்பட்டன.

நில அதிகாரம்

'டட்லி முக்கோணம்' எனப்படும் 64 ஏக்கர் பரப்பில் மாநகராட்சியின் வெற்று மனைகளும் தனியாரின் வெற்று மனைகளும் மாறி மாறி அமைந்திருந்தன. தனியார் உரிமையாளர்கள் பலர் வெளியூர்களில் இருந்தனர். வரி நிலுவையும் இருந்தது. மனைகளை ஒன்றுசேர்க்காமல் வீடு கட்ட இயலாத நிலையில், கையகப்படுத்தும் அதிகாரத்தை அமைப்பு கோரியது. இதே அதிகாரத்தைக் கொண்டுதான் 1950களின் இறுதியில் பாஸ்டனின் வெஸ்ட் எண்ட் குடியிருப்பு இடிக்கப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டனர். ஆகவே குடியிருப்பாளர்களிடையேயும் அச்சம் நிலவியது. வெற்று மனைகளை மட்டுமே எடுப்பது என்ற வரையறையுடன் 1988 இல் பாஸ்டன் மறுவளர்ச்சி ஆணையம் ஒப்புதல் அளித்தது. நிலத்தை வாங்க ஃபோர்டு அறக்கட்டளை 20 லட்சம் டாலர் கடன் வழங்கியது.

பெறப்பட்ட நிலம், துணை நிறுவனமான 'டட்லி நெய்பர்ஸ்' என்னும் சமுதாய நில அறக்கட்டளையிடம் உள்ளது. வீட்டை வாங்குபவர் வீட்டுக்கு மட்டுமே உரிமையாளர். அடிநிலம் 99 ஆண்டுக் குத்தகையில் தரப்படுகிறது. மறுவிற்பனை விலைக்கு உச்சவரம்பு உண்டு. இதனால் விற்பவருக்கு ஓரளவு ஆதாயம் கிடைக்கிறது. அடுத்து வாங்குபவருக்கும் வீடு எட்டும் விலையில் இருக்கிறது. சந்தை விலையில் விற்கும் வாய்ப்பை உரிமையாளர் இழப்பது இம்முறையின் குறையாகச் சுட்டப்படுகிறது. எனினும் 2008 வீட்டுக்கடன் நெருக்கடியின்போது, சுற்றுப்புறப் பகுதிகளோடு ஒப்பிடுகையில் இவ்வீடுகள் மிகக் குறைவாகவே பறிமுதலாயின. இந்நிலத்தில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டுள்ளன.

பிற பணிகள்

போதைப்பொருள் விற்போரின் பிடியிலிருந்த மேரி ஹனான் பூங்காவில் சிறுவர் நிகழ்ச்சிகளை நடத்தி மக்கள் அதை மீட்டனர். குற்றம் முற்றிலும் ஒழியவில்லை. ஆயினும் மறைவிடங்களாகப் பயன்பட்ட வெற்று மனைகள் குறைந்தன. பழைய வாகனப் பணிமனை இருந்த இடத்தில் 2004 இல் பசுமைக்குடில் ஒன்று அமைந்தது.

இவ்வமைப்பின் வரலாற்றைப் பீட்டர் மெடாஃப், ஹாலி ஸ்க்ளார் ஆகியோர் 1994 இல் நூலாக எழுதினர். மெடாஃப் இதன் முதல் செயல் இயக்குநர் ஆவார். 1996 இல் ஆவணப்படம் ஒன்றும் வெளிவந்தது.

அருகிலுள்ள டட்லி சதுக்கத்துக்கு 2019 இல் நூபியன் சதுக்கம் எனப் பெயர் சூட்டப்பட்டது. நகரளாவிய வாக்கெடுப்பில் இம்மாற்றம் தோற்றபோதிலும், சதுக்கத்தை ஒட்டி வாழ்வோர் பெருவாரியாக ஆதரித்ததால் மாநகராட்சி அதை ஏற்றது.