தேநீர்: உடல்நல ஆய்வுகள்

கமெலியா சினென்சிஸ் என்னும் செடியின் இலையிலிருந்து வடிக்கப்படும் பானம் மனித உடலில் ஏற்படுத்தும் விளைவுகளை வேதியியல், நோய்ப்பரவலியல், மருத்துவச் சோதனை ஆகிய வழிகளில் ஆராயும் பிரிவு. பச்சைத் தேயிலையில் கேட்டச்சின்கள் என்னும் பாலிஃபீனால்கள் மிகுதி. இலை ஆக்சிஜனேற்றம் அடையும்போது அவற்றின் பெரும்பகுதி தியாஃபிளேவின், தியாருபிஜின் என்னும் நிறப்பொருள்களாக மாறுவதால் கருந்தேநீரின் வேதியமைப்பு வேறுபடுகிறது. தேயிலையிலுள்ள தியானைன் என்னும் அமினோ அமிலம் 1949இல் ஜப்பானில் கண்டறியப்பட்டது.

ஜப்பானில் 40,530 பேரைப் பின்தொடர்ந்த ஒசாக்கி ஆய்வின் முடிவு 2006இல் வெளியானது. பச்சைத் தேநீரை மிகுதியாக அருந்தியோரிடம் இதய, இரத்தக்குழாய் நோய்களால் நேரும் இறப்பு குறைந்திருந்தது. புற்றுநோய் இறப்பில் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. பிரிட்டனின் பயோபேங்க் என்னும் உடல்நலத் தரவுத்தளத்தில் ஏறத்தாழ 5 லட்சம் பேரை ஆராய்ந்த 2022ஆம் ஆண்டு ஆய்வு, நாளுக்கு 2 அல்லது அதற்கு மேற்பட்ட கோப்பைத் தேநீர் அருந்துவோரின் இறப்பு வாய்ப்பு 9 முதல் 13 விழுக்காடு குறைவு என்றது. பால் சேர்ப்பது இதை மாற்றவில்லை. இரண்டும் கூர்நோக்கு ஆய்வுகளே. தேநீர்தான் காரணம் என்று இவை மெய்ப்பிப்பதில்லை. செய்தித் தலைப்புகள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான்.

உணவோடு சேர்த்து அருந்தும் தேநீரின் பாலிஃபீனால்கள் தானியம், பருப்பு, கீரை ஆகியவற்றின் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. இரத்தசோகை உள்ளோருக்கு இது முக்கியம். 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் அருந்தும் பானங்களைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் ‘பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்னும் 2ஏ பிரிவில் வைத்தது. உணவுக்குழாய்ப் புற்றுக்கு இங்குக் காரணமாகக் கருதப்படுவது இலையன்று, சூடு.