தேக்கு பாதி, கைவேலை மீதி

பர்மாத் தேக்கு என்றால் கறையானும் அரிக்காது, வண்டும் துளைக்காது என்று செட்டிநாட்டு வீடுகளைப் பற்றிப் பேசும்போது ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். கறையானைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் சரி. தேக்கின் வைரத்தில் ஊறியிருக்கும் எண்ணெய்ப் பசையும் டெக்டோகுயினோன் என்ற வேதிப்பொருளும் மரம் தின்னும் பூச்சிகளுக்கு ஆகாதவை. ஆனால் கருவண்டு என்று ஊரில் சொல்லும் தச்சுத்தேனீ மரத்தைத் தின்பதே இல்லை. பெண் தேனீ தாடையால் சுரண்டிச் சுரண்டி, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வட்டமாக ஓட்டை போடும். சற்று உள்ளே போனதும் திரும்பி, மரத்தின் ரேகையை ஒட்டியே சுரங்கம் வெட்டும். தூளை வெளியே தள்ளிவிட்டு, மகரந்தமும் தேனும் பிசைந்த உருண்டை ஒன்றை வைத்து, அதன்மேல் ஒரே ஒரு முட்டை இடும். மரத்தூளைக் குழைத்துத் தடுப்பு எழுப்பி, அடுத்த அறைக்குப் போகும். விழுங்காத மரத்தின் கசப்பு அதை எவ்வளவு தூரம் தடுக்கும்? கடினமான வைரம் அதன் வேலையைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். பழைய வீடுகளை வண்டிடமிருந்து காத்ததில் மரத்தின் சாதியைவிட, அந்த மரத்துக்கு மனிதர் ஓயாமல் செய்துவந்த பணிவிடைக்கே பங்கு அதிகம் என்பது என் கட்சி.

வைரம் எங்கே, வைரம் பாயாத வெளிறு எங்கே என்று பார்ப்பது நம்மிடம் மிகப் பழைய அறிவு. உள்ளே வைரம் கொண்டவற்றை மரம் என்றும், புறத்தே வைரம் கொண்ட பனை, மூங்கில் போன்றவற்றைப் புல் என்றும் தொல்காப்பிய மரபியல் வகுத்துவிட்டது. கைமரத்துக்கு முற்றிய பனையைப் பிளக்கும்போது, உள்ளிருக்கும் மென்மையான பகுதியைச் செதுக்கிக் கழித்தார்கள். மூங்கிலோ இயல்பிலேயே பொந்து. வண்டு ஓர் ஓட்டை போட்டால் போதும், வீடு தயார். அகநானூற்றின் 82ஆம் பாட்டில், மூங்கில் துளைகளில் கோடைக்காற்று புகுந்து குழலாக ஒலிப்பதைக் கபிலர் காட்டுகிறார்; துளைத்தது வண்டு என்று பொருள் கொள்வது உரை மரபு. கூரை வீட்டின் வரிச்சும் வேலிப்படலும் இதே மூங்கில்தான். ஆகவே வண்டு நேற்று வந்த விருந்தாளி அல்ல. கூரை பிரித்து வேயும்போதெல்லாம் துளைபட்ட கழி அடுப்புக்குப் போனது, புதுக்கழி ஏறியது. அடுப்புப் புகை மீதி வேலையைப் பார்த்துக்கொண்டது.

இனி தேக்கு வந்த கதை. 1852ஆம் ஆண்டுப் போருக்குப் பின் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. நெல் வயல்களுக்குக் கடன் கொடுக்கச் சென்ற செட்டிநாட்டு நகரத்தார் தேக்கைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். (இந்தியத் துணைக்கண்டத்தின் தேனீ, குளவி இனங்களைத் தொகுத்து 1897இல் நூல் எழுதிய பிங்காம், பர்மாவில் வனத்துறை அதிகாரியாக இருந்தவர். தேக்குக் காடும் தச்சுத்தேனீயும் ஒரே மனிதரின் பார்வையில் பட்டிருக்கின்றன.) 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியதும் அந்தத் தேக்கு வரத்து நின்றது. அதற்கு முன் எழுந்த வீடுகளில் முகப்புத் தூண்கள் இன்றும் துளையின்றி நிற்கின்றனவே, அது தேக்கின் பெருமை இல்லையா என்று கேட்கலாம். வண்டு தேடுவது வெயிலும் மழையும் பட்டு வெளுத்த, பூச்சு இல்லாத காய்ந்த மரத்தை. தாழ்வாரத்து நிழலில், எண்ணெய் தேய்த்து மெருகேற்றிய தூண் அதன் கண்ணுக்குக் கவர்ச்சியாகப் படாது. அதே தேக்கின் சட்டம் இறவாரத்தில் நீட்டிக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் எண்ணெய் காணாமல் கிடந்தால் தப்புவது கடினம்.

இப்போதுதான் வீடெல்லாம் கான்கிரீட்டாகிவிட்டதே, இனி வண்டுக்கு என்ன வேலை என்பது அடுத்த கேள்வி. மூங்கில் வேலியும் காய்ந்த மரமும் கொல்லையிலிருந்து போய்விட்டதால், மிஞ்சிய சன்னல் சட்டத்துக்கும் பந்தல் காலுக்கும்தான் அது வந்தாக வேண்டும். இன்றைய மலிவு மரத்தில் வெளிறு ஏராளம். பெயின்ட் அடிப்பவர் கண்ணுக்குத் தெரியும் முகத்தை மட்டும் அடித்துவிட்டு, சட்டத்தின் அடிப்பக்கத்தை விட்டுவிடுகிறார். வண்டு துளைக்க வருவது பெரும்பாலும் அந்த அடிப்பக்கத்தைத்தான்.

அப்படியானால் மருந்தடித்துக் கொன்றுவிடலாமே என்பவர்களுக்கு இரண்டு பதில். முதலாவது, சேதம் மெதுவானது. ஓர் ஆண்டுத் துளையால் சட்டம் முறியாது. அடுத்தடுத்த தலைமுறைகள் அதே சுரங்கத்தை நீட்டிக்கொண்டே போகும்போதுதான் மரம் பலம் இழக்கும். தேனீ வெளியேறிய பின் துளையை அடைத்து, எல்லாப் பக்கமும் பெயின்ட் அடித்தால் அந்தத் தொடர் அறுந்துபோகும். கொட்டுமோ என்ற பயமா? முகத்துக்கு நேரே ரீங்கரித்து மிரட்டும் ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. இரண்டாவது பதில் கொல்லையில் இருக்கிறது: முருங்கைப் பூவில் மகரந்தம் சேர்த்துக் காய் பிடிக்கவைப்பதில் இந்தக் கருவண்டுக்குப் பெரும் பங்கு உண்டு. சன்னலுக்குப் பெயின்ட் அடியுங்கள். கொல்லை மூலையில் நாலு காய்ந்த மூங்கில் கழியையும் சாத்தி வையுங்கள்.