குறிநோக்கியின் கணக்கு

துவக்குக்குப் பயந்து ஓடிவந்த நாம், துவக்கின் கண்ணைச் செய்த நாட்டில் வாழ்கிறோம். கார்ல் சைஸ் 1846 இல் யேனாவில் பட்டறை திறந்தார். ஹென்சோல்ட் 1865 இல் வெட்ஸ்லாருக்கு வந்தார். முதலாம் உலகப்போரில் இருவரது நிறுவனங்களின் குறிநோக்கிகளும் ஜேர்மன் துவக்குகளில் ஏறின.

குழலின் கோடு வேறு, கண்ணின் கோடு வேறு. குறித்த தூரத்தில் இரண்டையும் பொருத்துவதை ஜேர்மனியர் ‘ஐன்ஷீசன்’ என்பர். பழைய நோக்கிகள் பலவற்றில் உயரத்துக்கு மட்டுமே குமிழ் இருந்தது. பக்கவாட்டைத் தாங்கியில் திருத்தினர். இன்று இரண்டுக்கும் குமிழ் உண்டு. பெரும்பாலான ஜேர்மன் நோக்கிகளில் ஒரு ‘கிளிக்’, 100 மீற்றரில் 1 சென்ரிமீற்றர். 200 மீற்றரில் 2. 100 மீற்றரில் குண்டு 4 சென்ரிமீற்றர் கீழே பட்டால், மேல்நோக்கி 4 ‘கிளிக்’. உள்ளே குறுக்குக்கோடு கீழிறங்கும். அதை மீண்டும் இலக்கில் வைக்கையில் குழல் உயரும்.

1945 இல் அமெரிக்கர் யேனாவை விட்டு விலகியபோது சைஸ் வல்லுநர்களை மேற்கே கொண்டுபோயினர். ஓபர்கொக்கனில் இன்னொரு சைஸ் எழுந்தது. கருவி செய்தவர்களையும் போர் இடம்பெயர்த்தது.

சென்ரிமீற்றர் பிசகாத அக்கருவிக்கு, எதிரே நிற்பது மானா மனிதனா என்று தெரியாது. எமக்குத் தெரியும்.