மூன்று குழந்தைகளின் பேச்சும் ரோஜர் பிரௌனின் ஆய்வுப் பயணமும்

ஆய்வுச்சுருக்கம்

குழந்தை தன் முதன்மொழியை ஈட்டும் முறையை, மூன்று குழந்தைகளின் அன்றாடப் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் ரோஜர் பிரௌன் (1925–1997). மிகுதியாகக் கேட்பதாலும் பெற்றோர் திருத்துவதாலும் இலக்கணம் படிகிறது என்னும் கருத்து அவர் திரட்டிய சான்றுகளின்முன் வலுவிழந்ததை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. அவர் கையாண்ட அளவுகோல் தமிழ் போன்ற ஒட்டுநிலை மொழியில் எதிர்கொள்ளும் வரம்பையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: குழந்தைமொழி, மொழி ஈட்டம், உளமொழியியல், உருபன், ரோஜர் பிரௌன்

முன்னுரை

பெரியோர் சொல்லித் தருவதாலும் பிழை நேர்ந்தபோது திருத்துவதாலும் குழந்தை பேசக் கற்கிறது என்பது பொதுவான நம்பிக்கை. பி. எஃப். ஸ்கின்னர் 1957இல் வெளியிட்ட நூல், தூண்டல், துலங்கல், வலுவூட்டல் ஆகியவற்றைக் கொண்டு மொழியை விளக்க முற்பட்டது. 1959இல் நோம் சோம்ஸ்கி எழுதிய மதிப்புரை அதனைக் கடுமையாக மறுத்தது. ஆயினும் இவ்விருவர் வாதங்களும் குழந்தைகளின் பேச்சை நெடுங்காலம் பதிவுசெய்து எழுந்தவை அல்ல. அதற்கு முன்பு கிடைத்த சான்றுகளுள் பெரும்பாலானவை, ஆய்வாளர்கள் தம் பிள்ளைகளைக் கவனித்து எழுதிய நாட்குறிப்புகளே. இவ்விடைவெளியை நிரப்பியதே பிரௌனின் பணியாகும்.

கல்விப் பின்புலம்

டெட்ராய்ட் நகரில் பிறந்த பிரௌன், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றினார். மிஷிகன் பல்கலைக்கழகத்தில் 1952இல் முனைவர் பட்டம் பெற்றபின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திலும், 1957 முதல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திலும் கற்பித்தார். 1958இல் மொழியின் உளவியல் பற்றிய அவரது ‘வேர்ட்ஸ் அண்ட் திங்ஸ்’ வெளிவந்தது.

அதே ஆண்டில் அவர் மாணவி ஜீன் பெர்கோவின் ஆய்வும் வெளியாயிற்று. பறவை போன்ற கற்பனை உயிரின் படத்தைக் காட்டி, அதற்கு ‘வக்’ என்று பெயர் சொல்லி, இரண்டு இருந்தால் என்னவென்று கேட்டபோது, குழந்தைகளுள் பலர் ‘வக்ஸ்’ என்றனர். முன்பு கேட்டறியாத சொல்லுக்குப் பன்மை கூறினமையால், குழந்தைகள் சொற்களை மட்டுமின்றி விதிகளையும் அறிந்துள்ளனர் என்பது புலனாயிற்று.

பதிவும் அளவீடும்

1962இல் ஹார்வர்டுக்குத் திரும்பிய பிரௌன், ஆதாம், ஈவ், சாரா எனப் புனைபெயரிடப்பட்ட மூன்று குழந்தைகளின் பேச்சை ஒலிப்பதிவு செய்யும் திட்டத்தைத் தொடங்கினார். தொடக்கத்தில் ஈவுக்கு 18 மாதம். மற்ற இருவருக்கும் 27 மாதம். ஆய்வுக்குழுவினர் ஆதாம், ஈவ் ஆகியோரின் வீட்டிற்கு ஏறத்தாழ இரு வாரங்களுக்கு ஒருமுறையும், சாராவின் வீட்டிற்கு வாரந்தோறும் சென்றனர். உர்சுலா பெல்லூகி, காலின் ஃபிரேசர், கோர்ட்னி காஸ்டன் முதலியோர் இப்பணியில் பங்கேற்றனர். ஈவின் குடும்பம் இடம்பெயர்ந்ததால், அக்குழந்தையின் பதிவு 28ஆம் மாத அளவில் நின்றது.

மூவரின் வளர்ச்சி வேகமும் வேறுபட்டமையால் வயதை அளவுகோலாகக் கொள்ள இயலவில்லை. எனவே ஒரு கூற்றில் சராசரியாக எத்தனை உருபன்கள் வருகின்றன என்பதைப் பிரௌன் அளவாகக் கொண்டார். அந்தச் சராசரி 1.75, 2.25, 2.75, 3.5, 4.0 என உயர்வதற்கேற்ப ஐந்து நிலைகளை வகுத்தார். ஈவ் 28 மாதத்திற்குள் எட்டிய நிலையை ஏனைய இருவரும் மூன்றரை வயதளவிலோ அதற்குப் பின்னரோதான் எட்டினர்.

வரிசையும் விளக்கமும்

1973இல் வெளிவந்த ‘எ ஃபர்ஸ்ட் லாங்குவேஜ்’ என்னும் நூலில் ஆங்கிலத்தின் 14 இலக்கண உருபன்களை அவர் ஆராய்ந்தார். ஓர் உருபன் கட்டாயமாக வரவேண்டிய இடங்களுள் 90 விழுக்காட்டில், தொடர்ந்து மூன்று பதிவுகளில் இடம்பெற்றால் மட்டுமே அது ஈட்டப்பட்டதாகக் கொண்டார். வேகம் வேறுபட்டாலும் மூவரிடமும் ஈட்ட வரிசை பெரிதும் ஒத்திருந்தது. அதே ஆண்டில் ஜில், பீட்டர் டி வில்லியர்ஸ் இணையர் 21 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வும் இவ்வரிசைக்கு ஆதரவளித்தது.

இவ்வரிசைக்குப் பெற்றோரின் பேச்சில் உருபன்கள் பயிலும் அளவு காரணமாகவில்லை. பெற்றோர் பேச்சில் மிகுதியாக வழங்கும் ‘எ’, ‘தி’ என்னும் சுட்டுகள் இவ்வரிசையில் எட்டாவதாகவே நின்றன. இலக்கணச் சிக்கலும் பொருட்சிக்கலும் இவ்வரிசையோடு கூடுதலாக இயைந்தன.

திருத்தம் பற்றிய வினா

காமில் ஹான்லனுடன் இணைந்து 1970இல் அவர் வெளியிட்ட ஆய்வு, பெற்றோர் எதை ஏற்கின்றனர், எதை மறுக்கின்றனர் என நோக்கியது. ஈவ் தன் தாயை ஆண்பாற் பெயரால் சுட்டி, வினைச்சொல்லையும் விடுத்துப் பெண் என்று கூறியபோது, செய்தி உண்மையாதலின் தாய் ஆமோதித்தார். வேறொரு தருணத்தில், தொலைக்காட்சி நிகழ்ச்சி வரும் கிழமையை இலக்கணப் பிழையின்றி, ஆனால் தவறாகக் கூறிய குழந்தை மறுக்கப்பட்டது. பெற்றோரின் ஏற்பு வாக்கியத்தின் வடிவைவிட அதன் உண்மையையே பற்றியிருந்தது. பிழையான வாக்கியத்தைப் பெற்றோர் திருத்தமாகத் திருப்பிச் சொல்வதும் மறைமுகத் திருத்தமாகும் எனப் பிந்தைய ஆய்வாளர் சிலர் வாதிட்டனர். ஆயினும் வெளிப்படையான ஏற்பும் மறுப்புமே இலக்கணத்தைக் கற்பிக்கின்றன என்னும் எளிய விளக்கம் அதன்பின் நிலைபெறவில்லை.

அளவுகோலின் வரம்பும் தமிழும்

மூன்று குழந்தைகளும் ஆங்கிலம் பேசியவர்கள். இவ்வரம்பை உணர்ந்த பிரௌன், ஃபின்னிஷ், சமோவன் முதலிய மொழிகளின் தொடக்கநிலைப் பேச்சையும் தம் நூலில் ஒப்பிட்டார். செய்வோன், செயல், உடைமை, இடம் முதலிய பொருளுறவுகள் அவற்றிலும் பயில்வதைக் கண்டார்.

உருபன்களை எண்ணும் முறை தமிழில் வேறு சிக்கலை எழுப்புகிறது. ‘வந்தாள்’ என்பது ஒரு சொல். பகுதி, காலம், பால்விகுதி எனப் பகுத்தால் அதில் மூன்று உருபன்கள் உள்ளன. குழந்தை இதனை முழுமையாக மனங்கொண்டதா, உறுப்புகளாகப் பகுத்து அறிந்ததா என்பதை எண்ணிக்கை மட்டும் காட்டாது. ஆகவே ஆங்கிலக் குழந்தையின் எண்ணையும் தமிழ்க் குழந்தையின் எண்ணையும் நேராக ஒப்பிடுதல் பிழையாகும். தமிழ்க் குழந்தைகளின் ஈட்டத்தைப் பரிமளா ராகவேந்திராவும் லாரன்ஸ் லெனார்டும் 1989இல் ஒட்டுநிலை மொழி என்னும் நோக்கிலேயே ஆராய்ந்தனர். ஆர். நரசிம்மன் திரட்டிய தமிழ்க் குழந்தைப் பேச்சு, பிரௌனின் பதிவுகள் இடம்பெற்றுள்ள அதே பன்னாட்டுத் தரவகத்தில் இன்று உள்ளது.

முடிவுரை

பிரௌனின் நூல் முதலிரு நிலைகளோடு நின்றது. எஞ்சிய நிலைகளுக்கான தொகுதி வெளிவரவில்லை. ஆயினும் அவர் பதிவுகள் பொதுத்தரவாக வழங்கப்பட்டமையால், அவருக்குப் பின் வந்தோர் அவற்றைக்கொண்டே அவர் முடிவுகளைச் சோதிக்க முடிந்தது. தமிழ்க் குழந்தைமொழி ஆய்வு அவரிடமிருந்து பெறத்தக்கது 14 உருபன்களின் பட்டியல் அன்று. நெடுநாள் கேட்டு, கேட்டதை முழுமையாகப் பதிந்து, பிறர் சோதிக்குமாறு வழங்கும் முறையே ஆகும்.