பல்நிற அடைப்பு: காம்போசிட்டின் வரலாறு

சொத்தைப் பல்லை அடைக்கும் பல்நிறக் கலவையே காம்போசிட். குழைவான பிசின், அதில் கலந்த கண்ணாடி அல்லது சிலிக்காத் துகள், இரண்டையும் பிணைக்கும் சிலேன் ஆகிய மூன்றும் இதன் அடிப்படை. மூன்றில் எதை மாற்றினாலும் அடைப்பின் பலம் மாறிவிடும்.

இதற்கு முன்பு கோலோச்சிய வெள்ளி அடைப்பின் எடையில் ஏறக்குறையப் பாதி பாதரசம். அந்தப் பாதரசம் என்ன செய்யும் என்பதைப் பழனி மலை நேரில் கண்டது. இம்மலைத்தொடரின் உச்சியில், கொடைக்கானலில் இயங்கிய தெர்மாமீட்டர் ஆலை, பாதரசக் கழிவு வெளிப்பட்டதால் 2001இல் மூடப்பட்டது. தொழிலாளர்கள் நீதிக்காக பதினைந்து ஆண்டு போராட வேண்டியிருந்தது பெருங்கொடுமை. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்றது. வெள்ளி அடைப்பும் அதன் வரம்புக்குள் வருகிறது.

1955இல் மைக்கேல் புவனகோர் எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கி, பிசின் பற்றிக்கொள்ள வழி கண்டார். அடுத்து அமெரிக்கரான ரஃபேல் போவன் பிஸ்-ஜிஎம்ஏ பிசினை உருவாக்கி 1962இல் காப்புரிமை பெற்றார். மூலக்கூறு பெரிது என்பதால், பழைய அக்ரிலிக் அடைப்பைவிட இது இறுகும்போது குறைவாகச் சுருங்கியது. ஆனால் தேனைவிடக் கெட்டி. துகளை நிறையக் கலக்க முடியவில்லை. டெக்டிஎம்ஏ என்ற நீர்த்த பிசினைச் சேர்த்து இளக்கினார்கள். இளக்கம் வந்தது, கூடவே சுருக்கமும் நீர் உறிஞ்சுதலும் ஏறின.

துகளின் கதையும் இப்படித்தான். தொடக்கத்தில் பத்துப் பதினைந்து மைக்ரான் தாண்டிய குவார்ட்ஸ் துகள்கள். மெல்ல மெல்லச் சுற்றியுள்ள பிசின் முதலில் தேய, துகள் பெயர்ந்து விழுந்து, பரப்பு சொரசொரத்தது. 1970களின் பிற்பகுதியில் வந்த 0.04 மைக்ரான் சிலிக்கா பளபளத்தது. அவ்வளவு நுண்ணிய துகளை அதிகம் ஏற்ற முடியாததால் கடைவாய்ப் பல்லுக்குப் போதவில்லை. பெரிதும் சிறிதும் கலந்த ஹைப்ரிட் வகை இரண்டையும் ஓரளவு சமன்செய்தது. 2000களில் நானோ துகள்கள் வந்தன.

சிலேனைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அது இல்லையேல், மெல்லும் விசை பிசினிலிருந்து துகளுக்குச் சரிவரச் செல்லாது. விரிசல் இரண்டும் சேரும் இடத்திலேயே ஓடும். எச்சிலின் ஈரம் ஆண்டுக்கணக்கில் அந்தப் பிணைப்பை அரிக்கவும் செய்கிறது. பல் அடைப்புப் பிசினுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 4049இன் சோதனையில் 25 மில்லிமீட்டர் நீளமும் இரண்டு மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட துண்டு ஒன்றை 37 டிகிரி நீரில் ஒருநாள் ஊறவைத்தே வளைக்கிறார்கள். கடிக்கும் பரப்புக்கான அடைப்பு குறைந்தது 80 மெகாபாஸ்கல் தாங்க வேண்டும்.

நீல ஒளி பட்டதும் பிசினை இறுகத் தூண்டுவது கற்பூரத்திலிருந்து பெறப்படும் கேம்ஃபர்குவினோன். மஞ்சள் நிறம் என்பதால் அதையும் அளவாகத்தான் சேர்க்க முடியும். நீல ஒளியும் ஆழமாக ஊடுருவாது என்பதால், வழக்கமான காம்போசிட்டை மருத்துவர் இரண்டு மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து ஒவ்வொன்றாக இறுகச் செய்கிறார்.