மனச்சாட்சிக்கு இடந்தந்த ஊர்

"கிராணியாரே, நம்மவர் இருக்கும் வரிசையில் ஒரு வீடு பார்த்துக் கொடுங்கள்." தோட்டத்து ஆபீசில் வீட்டுச் சாவி வாங்க வருவோரிடம் யான் அடிக்கடி கேட்கும் சொல் இது. பட்டணத்தில் வாடகை வீடு தேடுவோரும் இதனையே வேறு விதமாகக் கூறுவர். நம்மவர் என்போர் யாவர்? ஒரே ஊரினரா, ஒரே மதத்தினரா, ஒரே கட்சியினரா? தத்தம் கொள்கைக்கு இசைந்த அண்டை அயலை நாடுதல் மனித இயற்கை. அதனைக் குற்றமென்று கூற யான் முன்வரவில்லை. ஆயின், அவ்வியற்கையே ஓர் ஊரை ஆளும் சட்டமாகிவிடின் விளைவது யாது? இதற்குச் சரித்திரம் தெளிவான சான்றொன்று வைத்திருக்கிறது. அதனை நேயர்கள்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் திருச்சபைக்கு அந்நாட்டு அரசரே தலைவராக இருந்தார். அச்சபையின் சடங்குகளைத் தூய்மை செய்யவேண்டுமென்று வாதாடியவர்கள் பியூரிட்டன்கள் எனப்பட்டனர். அவர்களுடைய பாதிரிமார் பலர் பதவி இழந்தனர். சிலர் சிறை புகுந்தனர். தம் மனச்சாட்சிப்படி வாழ இந்நாட்டில் இடமில்லை என்று கண்ட அவர்கள், தம்மைப்போன்றோர் கூடி வாழும் ஊரொன்றைக் கடலுக்கப்பால் அமைக்கத் துணிந்தனர். 1630-ஆம் ஆண்டில் ஜான் வின்திராப் என்பாரின் தலைமையில் பெருங்கூட்டமொன்று அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில் பாஸ்டன் நகரை நிறுவிற்று.

துன்புற்று ஓடிவந்தவர் பிறர் துன்பம் அறிவர் என்று நாம் எண்ணுவோம். நடந்ததோ வேறு. மறு ஆண்டிலேயே, திருச்சபையில் அங்கம் பெற்ற ஆடவர்க்கே ஆட்சியில் வாக்குரிமை உண்டென்று அங்கே விதி செய்யப்பட்டது. கோயிற் கதவே சட்டசபையின் கதவுமாயிற்று.

அதே 1631-ல் பாஸ்டனில் வந்திறங்கிய இளம் பாதிரியார் ஒருவர் இதனை ஒப்பவில்லை. அவர் பெயர் ரோஜர் வில்லியம்ஸ். பின்னர் அவர் சேலம் என்னும் ஊரில் (நம் தமிழகத்துச் சேலமன்று) போதகம் செய்தார். கடவுளை வணங்கும் முறையில் பிழை செய்தான் என்று ஒருவனைத் தண்டிக்க அரசாங்கத்திற்கு அதிகாரமில்லை என்பது அவர் கொள்கை. அந்நிலம் அதன் ஆதிக்குடிகளுக்குரியது. இங்கிலாந்து மன்னர் அதனைப் பட்டயம் எழுதித் தானம் செய்ய உரிமையற்றவர் என்றும் அவர் கூறினார். இவ்விரண்டும் ஆள்வோருக்கு நஞ்சாகத் தோன்றின. 1635 அக்டோபரில் அவரை நாடு கடத்தத் தீர்ப்பாயிற்று. அவரைப் பிடித்துக் கப்பலேற்றத் திட்டமிட்டபோது, 1636 ஜனவரியில், கொடும் பனிக்காலத்தில், அவர் காட்டு வழியே தப்பினார். பட்டினியும் குளிரும் வருத்திய அந்நாட்களில் அவரை ஆதரித்தவர்கள் கிறிஸ்துவர்களல்லர். வாம்பனோவாக் என்னும் ஆதிக்குடியினரே.

அவ்வாண்டிலேயே நாரகான்செட் குடித்தலைவர்களான கனோனிகஸ், மியன்டனோமி என்போர் நட்பின் பேரில் அளித்த நிலத்தில் அவர் ஓர் ஊர் கண்டார். தெய்வத்தின் திருக்காப்பு எனப் பொருள்படுமாறு அதற்குப் பிராவிடன்ஸ் என்று பெயரிட்டார். அங்கே குடியேறியவர்கள், ஊர்ப்பொதுக் காரியங்களில் மட்டுமே பெரும்பான்மையோர் முடிவுக்குக் கட்டுப்படுவதாகக் கையொப்பமிட்டனர். மதக் காரியம் ஊர்ச்சபையின் எல்லைக்குப் புறம்பாயிற்று.

கையொப்பம் இடுதல் எளிது. அதன்படி நிற்றலே அரிது. 1638-ல் சோதனை வந்தது. ஜாஷுவா வெரின் என்பவன், வில்லியம்ஸின் வழிபாட்டுக் கூட்டத்திற்குச் சென்றுவந்த தன் மனைவியைப் போகவொட்டாது தடுத்து அடித்தான். கணவனுக்கு அடங்குதலே மனைவியின் கடமை என்று அவனுக்காக வாதாடினோரும் இருந்தனர். ஊரார் கூடி, பிறர் மனச்சாட்சியைத் தடுத்தவனுக்கு வாக்குரிமை இல்லையெனத் தீர்த்தனர். பெண்ணுக்கும் தனி மனச்சாட்சி உண்டென்று ஓர் ஊர்ச்சபை அக்காலத்திலேயே ஏற்றதை நம் சீர்திருத்தக்காரர்கள் நினைவிற் கொள்ளுதல் தகும்.

மனச்சாட்சிச் சுதந்தரம் என்றால் எவரும் எச்சட்டத்திற்கும் அடங்கவேண்டியதில்லை எனச் சிலர் கூறத் தொடங்கினர். 1655-ல் வில்லியம்ஸ் ஊராருக்கு எழுதிய கடிதம் அதற்கு விடையாயிற்று. ஊர் ஒரு கப்பல் என்றார் அவர். அதிலே கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகள், யூதர், துருக்கர் யாவரும் உளர். கப்பலின் பிரார்த்தனைக்கு எவரையும் வற்புறுத்தி அழைத்தல் கூடாது. அவரவர் பிரார்த்தனையைத் தடுத்தலும் கூடாது. ஆயின் கட்டணம் செலுத்த மறுப்போரையும், கலகம் செய்வோரையும் அடக்கத் தலைவனுக்கு உரிமையுண்டு. ரஜூலா போன்ற கப்பல்களில் டெக்குப் பிரயாணிகளாய் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வந்திறங்கிய முன்னோரையுடைய நமக்கு இவ்வுவமையை விளக்கவும் வேண்டுமோ?

குவேக்கர்கள் என்னும் புதுக் கூட்டத்தாரை மாசசூசெட்ஸ் கசையாலடித்தது. 1659 முதல் 1661 வரை அவர்களுள் நால்வரைத் தூக்கிலிட்டது. அந்நால்வருள் மேரி டையர் என்னும் மாதும் ஒருவர். அவர்களைத் துரத்துமாறு அண்டைக் குடியேற்றங்கள் வற்புறுத்தியும், பிராவிடன்ஸ் சேர்ந்திருந்த ரோட் தீவுக் குடியேற்றம் மறுத்துவிட்டது. வில்லியம்ஸுக்கோ குவேக்கர்களின் கொள்கை சிறிதும் பிடியாது. 1672-ல், முதுமைப் பருவத்தில், பகல் முழுதும் தாமே படகு வலித்து நியூபோர்ட் சென்று அவர்களோடு வாதாடினார். வாதாடினாரேயன்றி விரட்டினாரில்லை.

இவ்வூர் குற்றமற்ற பொன்னுலகம் என்று கூறினால் யான் பொய்யனாவேன். இடந்தந்த நாரகான்செட் குடியினர் 1675-ல் அண்டைக் குடியேற்றங்களின் படையால் நூற்றுக்கணக்கில் மாண்டனர். மறு ஆண்டு பிராவிடன்ஸும் எரியுண்டது. பத்தாண்டிற்கு மேல் எவரையும் அடிமையாக வைத்திருத்தலாகாது என 1652-ல் செய்த சட்டம் ஏட்டளவில் நின்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் நியூபோர்ட் பெரிய அடிமை வியாபாரத் துறைமுகமாயிற்று. அவ்வூராரின் 'நம்மவர்' என்னும் சொல்லில் கறுப்பு மனிதனுக்கு இடமில்லாது போயிற்று. இருப்பினும் அவர்கள் ஊன்றிய வித்து அழியவில்லை. அரசாங்கம் மதமொன்றை நிறுவலாகாது என்னும் விதி 1791-ல் அமெரிக்க அரசியற் சட்டத்தில் ஏறியது. மாசசூசெட்ஸ் சட்டசபையும் 1936-ல், முந்நூறு ஆண்டுகள் கழித்து, வில்லியம்ஸை நாடு கடத்திய தீர்ப்பை ரத்துச் செய்தது.

நேயர்காள்! பாஸ்டனும் பிராவிடன்ஸும் மனச்சாட்சிக்கென்றே அமைந்த ஊர்கள். முன்னது ஒத்த கருத்துடையோரை மட்டும் சேர்த்தது. ஆண்டுக்காண்டு ஒவ்வாதவரைக் கண்டுபிடித்துத் துரத்துவதே அதன் வேலையாயிற்று. பின்னது ஒவ்வாதவரையும் சேர்த்து, எல்லார்க்கும் பொதுவான ஒழுங்கொன்றை மட்டும் கேட்டது. ஆகவே, நீங்கள் குடியேற வரிசை தேடுங்கால், அங்கே நம்மைப்போன்றோர் எத்தனை வீட்டினர் என்று மட்டும் எண்ணாதீர்கள். அவ்வரிசையில் வேறு கொள்கையுடைய ஒரு வீடு இருக்குமாயின், அவ்வீட்டார் குழாயடியிலும், கலியாணப் பந்தலிலும், சாவு வீட்டிலும் எவ்வாறு நடத்தப்படுகின்றனர் என்று பாருங்கள். நாளை உங்கள் கருத்தோ உங்கள் பிள்ளையின் கருத்தோ மாறினால், உங்களுக்கும் கிடைக்கப்போவது அந்த மரியாதையே!